சிறுநீர்ப்பையை மூட எந்த நூல்? நாய், பூனை, ஆட்டு அறுவையில் தையல் நூல்களின் ஒப்பீடு

பட்டம் முடித்துப் புதிதாக மருத்துவமனை தொடங்கிய இளைய கால்நடை மருத்துவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நீர்ப்பையில் கல் இருக்கிறது, நாளைக்குத் திறக்கப் போகிறேன், மூடுவதற்கு விக்ரில் போதுமா, பிடிஎஸ் வாங்கியே ஆக வேண்டுமா?" (இரண்டும் உடலுக்குள் கரையும் தையல் நூல்களின் வணிகப் பெயர்கள்.) கரையும் தன்மையுள்ள ஒற்றை இழை நூலைப் போடுங்கள் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், அது தவறான பதிலும் அல்ல. ஆனால் ஒற்றை இழை நூலிலேயே நான்கு வகை புழக்கத்தில் இருக்கின்றன. நாய்க்குப் பொருந்துவது வெள்ளாட்டுக்கு அப்படியே பொருந்துவதில்லை. கையில் கேட்கட் என்னும் குடல்நூலைத் தவிர வேறொன்றும் இல்லாத இரவுகளும் வருகின்றன. நூலுறையின் மேல் அச்சிட்டிருப்பதை விட, அந்த விலங்கின் சிறுநீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதே இந்தத் தேர்வை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அதை மனத்தில் வைத்தே கீழே எடைபோட்டிருக்கிறேன்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலாவது, புண் ஆறும் வேகம். தோல் தன் பழைய வலிமைக்கு அருகில் வர மாதக்கணக்கில் ஆகிறது. முழுதாக எட்டுவதும் இல்லை. சிறுநீர்ப்பை அப்படியல்ல. உடலில் மிக விரைவாக ஆறும் உறுப்புகளில் அது ஒன்று. வெட்டிய இடம் 14 முதல் 21 நாள்களுக்குள் ஏறத்தாழ முழு வலிமையையும் திரும்பப் பெறுகிறது. உட்பரப்பின் சளிப்படலம் சுமார் 30 நாள்களில் முழுமையாக மீண்டும் வளர்ந்துவிடும். முதல் மூன்று நான்கு நாள்களுக்குப் பாரம் முழுவதையும் நூல்தான் தாங்குகிறது. மூன்று வாரத்துக்குப் பிறகு அதற்கு அங்கே வேலை இல்லை. ஆகவே நமக்கு வேண்டியது மூன்று வாரம் நம்பகமாகப் பிடித்துவிட்டு, அதன் பின் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மறைந்துபோகும் நூல். எவ்வளவு நீண்ட நாள் தாங்குகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் வயிற்றுச் சுவரைத் தைப்பதற்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது.

இரண்டாவது, சிறுநீருக்குள் நூல் எப்படி நடந்துகொள்கிறது என்பது. செயற்கைக் கரையும் நூல்கள் அனைத்தும் நீர்ப்பகுப்பால் கரைபவை. அதாவது நீர் மூலக்கூறுகள் இழையின் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கின்றன. காரத்தன்மை ஏறினால் பாலிகிளைகாலிக் அமிலம், பாலிகிளாக்டின் போன்ற நூல்களில் இந்த வேலை வேகமெடுக்கிறது. புரோட்டியஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் யூரியேஸ் என்னும் நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கும்போது சிறுநீரின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 8-ஐத் தாண்டுகிறது. நாய்களில் ஸ்ட்ரூவைட் என்னும் வகைக் கல் உருவாவதும் பெரும்பாலும் இதே கிருமிகளால்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்: எந்தத் தொற்று நம்மை நீர்ப்பையைத் திறக்க வைக்கிறதோ, அதுவே நாம் போடும் தையலையும் அரிக்கிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு ஒற்றை இழைக் கரையும் நூல்களை நாயின் சிறுநீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். புரோட்டியஸ் சேர்த்த சிறுநீரில் நான்கும் ஏழாம் நாளுக்கு முன்பே சிதைந்துபோயின. கிருமியற்ற சிறுநீரிலும் ஈ. கோலை சேர்த்த சிறுநீரிலும் அந்த அழிவு காணப்படவில்லை.

மூன்றாவது, புதிய கல்லுக்கு நூலே விதையாகிவிடும் ஆபத்து. இதைப் படித்து அறிந்ததை விட, கண்ணால் பார்த்துத்தான் நான் நம்பினேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொமரேனியன் பெட்டை, கல் எடுத்து ஒன்றரை ஆண்டு கழித்து மீண்டும் சிறுநீரில் இரத்தத்தோடு வந்தது. எடுத்த கற்களில் ஒன்றை இரண்டாகப் பிளந்தபோது நடுவில் ஊதா நிறத்தில் ஒரு சிறு வளையம் தெரிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பின்னிய இழைகள் பிரிந்து நின்றன. முதல் அறுவையைச் செய்தவன் நானேதான். பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டினால் "கரையும் நூலால் இரண்டு அடுக்காக மூடப்பட்டது" என்று மட்டும் என் கையெழுத்தில் இருந்தது. எந்த நூல், எந்த அளவு, எதுவும் இல்லை. ஊதா நிறம் மட்டும் ஒன்றையும் சொல்லாது, ஏனெனில் பாலிகிளாக்டின், பாலிடையாக்சனோன், பாலிகிளெகாப்ரோன் மூன்றுமே அந்தச் சாயத்தில் விற்கப்படுகின்றன. அன்று முதல் நூலுறையின் லேபிளைக் கிழித்துக் கேஸ் ஷீட்டிலேயே ஒட்டிவிடுகிறேன். ஆய்வக ஆவணங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், நாய்களில் மறுமுறை தோன்றிய நீர்ப்பைக் கற்களில் ஏறத்தாழ 9 விழுக்காட்டுக்குள் தையல் நூல் இருந்தது. புறக்கணிக்கக்கூடிய அளவல்ல இது.

நான்காவது, கையில் நூல் எப்படி இருக்கிறது என்பது: திசுவுக்குள் வழுக்கிச் செல்கிறதா, அறுத்துக்கொண்டு போகிறதா, முடிச்சு நிற்கிறதா. ஐந்தாவது விலையும் கிடைப்பும்.

## ஒரே பார்வையில்

| நூல் | அமைப்பு | 2 வாரத்தில் மிஞ்சும் வலிமை | முழுதும் கரைய |
|---|---|---|---|
| குரோமிக் கேட்கட் | முறுக்கிய இயற்கை நூல் | கணிக்க முடியாது; பெரும்பகுதி போயிருக்கும் | சுமார் 90 நாள் |
| பாலிகிளைகாலிக் அமிலம் | பின்னல் | சுமார் 65% | 60–90 நாள் |
| பாலிகிளாக்டின் 910 (விக்ரில்) | பின்னல் | சுமார் 75% | 56–70 நாள் |
| பாலிகிளெகாப்ரோன் 25 (மோனோகிரில்) | ஒற்றை இழை | 20–40%, சாயத்தைப் பொறுத்து | 91–119 நாள் |
| கிளைகோமர் 631 (பயோசின்) | ஒற்றை இழை | சுமார் 75% | 90–110 நாள் |
| பாலிடையாக்சனோன் (பிடிஎஸ்) | ஒற்றை இழை | 70–80% | 6 மாதத்துக்கு மேல் |
| பாலிகிளைகோனேட் (மாக்ஸான்) | ஒற்றை இழை | சுமார் 75% | சுமார் 6 மாதம் |

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இவை பெரும்பாலும் ஆய்வக எலிகளின் திசுவுக்குள் நூலை வைத்து அளக்கப்பட்டவை. சிறுநீரில் அளக்கப்பட்டவை அல்ல. நீர்ப்பையின் உள்ளறைக்குள் எட்டிப் பார்க்கும் நூல், சுவருக்குள் புதைந்திருக்கும் நூலை விட வேறு கணக்கில்தான் கரையும்.

## குரோமிக் கேட்கட்

பெயரில் பூனை இருந்தாலும் பூனைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆடு மாடுகளின் குடற்சுவரிலிருந்து எடுக்கும் கொலாஜன் இது. மாட்டுப் பித்து நோய் அச்சத்தால் ஐரோப்பாவில் கைவிடப்பட்டுவிட்டது. நம் ஊரில் இன்றும் கள மருத்துவர்களின் பெட்டியில் தவறாமல் இருக்கிறது. விலை குறைவு, மருந்துக் கடையில்கூடக் கிடைக்கும்.

குறை என்னவென்றால், இது நீர்ப்பகுப்பால் அல்லாமல் உடலின் நொதிகளாலும் வெள்ளணுக்களாலும் அரிக்கப்படுகிறது. அழற்சி எவ்வளவு கடுமையோ அவ்வளவு வேகமாகக் கரையும். கல்லோடு வரும் நீர்ப்பையில் அழற்சி இல்லாமல் இருப்பதில்லை. ஒரு நாயில் மூன்று வாரம் நிற்பது இன்னொரு நாயில் ஒரு வாரத்தில் இற்றுப்போகலாம். ஈரம் பட்டதும் நூல் ஊறிப் பருத்து முடிச்சு நெகிழ்கிறது. சாராய வாசனையோடு உறையிலிருந்து வரும்போது விறைப்பாக இருக்கும் முடிச்சு, பத்து நிமிடம் கழித்து விரலில் வழுவழுப்பதை உணர்ந்திருப்பீர்கள். வேறு நூலே இல்லாத இடத்தில், சிறுநீர் சுத்தமாக இருந்தால், முடிச்சுக்குக் கூடுதல் சுற்றுகள் போட்டு, வாலைச் சற்று நீளமாக விட்டு மூடலாம். தேர்ந்தெடுத்துப் போடும் நூல் அல்ல இது.

## பின்னல் நூல்கள்: பாலிகிளைகாலிக் அமிலம், பாலிகிளாக்டின்

கைக்கு இவற்றைப் போல் இதமான நூல் வேறில்லை. வளைந்து கொடுக்கும்; மூன்று சுற்றில் முடிச்சு உட்கார்ந்துவிடும்; ஆழமான இடுப்புக் குழியில் கட்டினாலும் அவிழாது. அட்டவணைப்படி பார்த்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டிய வலிமையும் இருக்கிறது; இரண்டு மாதத்தில் கரைந்தும் விடுகிறது. காகிதத்தில் நாம் தேடும் நூல் இதுதான் என்றே தோன்றும்.

ஆனால் அந்த எண்ணெல்லாம் தொற்றில்லாத, காரத்தன்மை ஏறாத சிறுநீருக்கு மட்டும். தொற்றுள்ள காரச் சிறுநீரில் முதலில் தோற்பவை இவைதான். பின்னலுக்கு இடையே கிருமிகள் ஒளிந்துகொள்ளவும் இடம் இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல நூல் திரவத்தை உறிஞ்சி, உள்ளறையிலிருந்து சுவர் வரை கடத்துகிறது. அழற்சியால் நொய்ந்துபோன சுவரில் பின்னலின் சொரசொரப்பு திசுவை அறுக்கவும் செய்யும். ஊசித் துளை கண்ணுக்கு எதிரே கிழிந்து நீள்வதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இவை சரியான தேர்வாகும் இடமும் உண்டு. அடிபட்டு நீர்ப்பை கிழிந்த இளம் நாய், தொற்று இல்லை, பிஹெச் 6.5 என்றால், 3-0 பாலிகிளாக்டினைப் (3-0 என்பது நூலின் தடிமன் அளவு; முதல் எண் கூடக் கூட நூல் மெலியும்) போட நான் தயங்க மாட்டேன். ஊசியை உள்ளறைக்குள் விடாமல் தைத்தால் போதும்.

## பாலிகிளெகாப்ரோன் 25, கிளைகோமர் 631

வழக்கமான கல் அறுவைக்கு நான் முதலில் கை நீட்டுவது பாலிகிளெகாப்ரோனுக்குத்தான். ஒற்றை இழை நூல்களில் இதுவே மிக மென்மையானது; திசுவுக்குள் வெண்ணெயில் போவது போல் போகிறது; பழைய மடிப்புகளை நினைவில் வைத்துக்கொண்டு சுருளுவதில்லை. மூன்று, நான்கு மாதத்தில் தடமில்லாமல் போய்விடும்.

எதிராகச் சொல்லப்படுவது, வலிமை விரைவில் குறைகிறது என்பது. உண்மைதான்: முதல் வாரத்திலேயே ஏறத்தாழ பாதியளவு போய்விடுகிறது. ஆனால் தொடக்க வலிமை மிக அதிகம் என்பதால், மிஞ்சும் பாதியே அந்த வாரத்துக்குப் போதுமானது. நூலின் வலிமை இறங்க இறங்க நீர்ப்பையின் வலிமை ஏறிவருகிறது. இந்த இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் ஆரோக்கியமான விலங்கில் பாதுகாப்பாகவே அமைகிறது. கிழ நாய், ஸ்டீராய்டு எடுக்கும் நாய், ஊட்டம் குறைந்த நாய் ஆகியவற்றில் திசுவின் கோடு மெதுவாக ஏறும்; அங்கே இந்த நூலை நான் நம்புவதில்லை. சாயம் சேர்த்தது சாயமில்லாததை விடச் சில நாள்கள் கூடுதலாகப் பிடிக்கும் என்பதையும் வாங்கும்போது கவனிக்கலாம்.

கிளைகோமர் 631 இந்தக் குறையைத் தீர்க்கும் நூல்: இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு வலிமை, மூன்றரை மாதத்தில் கரைதல். நான் மேலே சொன்ன இலக்கணத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். சிறிய ஊர்களில் கேட்டவுடன் கிடைப்பதில்லை என்பதே சிக்கல்.

## பாலிடையாக்சனோன், பாலிகிளைகோனேட்

நான்கு வாரத்துக்கு மேலும் பாதி வலிமையோடு நிற்கும் நூல்கள் இவை. புண் ஆறுவது தாமதமாகும் என்று தெரிந்தால் இவைதான் வேண்டும்: புற்றுக்காக நீர்ப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, அடுத்து வேதிச் சிகிச்சை தொடங்கவிருக்கும் நாய், பல நாள் அடைப்பால் சுவர் கருத்துப்போன கிடா, ஸ்டீராய்டில் இருக்கும் விலங்கு.

விலையைத் தவிர இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, வேலை மூன்று வாரத்தில் முடிந்த பின்னும் ஆறு மாதத்துக்கு மேல் நூல் அங்கேயே இருக்கும். சுவருக்குள் புதைந்திருந்தால் அதனால் கேடில்லை. ஒரே ஒரு சுற்று உள்ளறைக்குள் தொங்கினாலும், கல் சேரும் இயல்புள்ள நாயில் அது அத்தனை மாதமும் சிறுநீரில் நனைந்துகொண்டே கிடக்கும். மற்றொன்று, கம்பிச்சுருள் போன்ற அதன் குணம். உறையில் எப்படி மடிந்திருந்ததோ அப்படியே கையிலும் துள்ளும். தொடர்தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து சுற்றாவது போடாவிட்டால் முடிச்சு மெல்லப் பின்வாங்கும். தொடர்தையலில் ஒரு முடிச்சு போனால் வரிசையே போயிற்று. நீடில் ஹோல்டரின் வாயால் நூலின் நடுவே பிடித்து நசுக்கினால், அந்த இடத்தில் அது எவ்வளவு பலவீனப்படுகிறது என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

## கரையாதவை, முள்நூல், ஸ்டேப்பிள்

பட்டு, பருத்தி, நைலான், பாலிபுரோப்பிலீன் எதுவும் நீர்ப்பைக்கு வேண்டாம். கல் நிச்சயம் என்ற துணிவோடுதான் அவற்றைப் போட முடியும். உலோக ஸ்டேப்பிளுக்கும் இதே பதில்தான். முடிச்சில்லாத முள்நூல் (உடலில் சிறு முட்கள் கொண்டு திசுவைப் பற்றும் நூல்) லேப்ராஸ்கோப்பி செய்பவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். திறந்து செய்யும் அறுவையில் அதன் விலைக்கு ஈடான பயனை நான் காணவில்லை.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

மலிவான நூல் கசிந்தால் வரும் செலவு, எல்லா நூல்களின் விலை வேறுபாட்டையும் விழுங்கிவிடும். இரண்டாம், மூன்றாம் நாளில் நாய் வாந்தி எடுத்து, வயிறு மெல்ல உப்பி, சோர்ந்து படுத்தால் வயிற்று நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கிரியேட்டினின் (சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருள்) இரத்தத்தில் உள்ளதைப் போல இரு மடங்குக்கு மேல் இருந்தால் சிறுநீர் வயிற்றுக்குள் கசிகிறது என்று பொருள். பிறகு டிரிப், மறு அறுவை, உரிமையாளரின் நம்பிக்கை எல்லாம் கணக்கில் சேரும். ஆகவே மூடிய பின் கதீட்டர் (சிறுநீர் வடிகுழாய்) வழியே சலைனை ஏற்றி நீர்ப்பையை மிதமாக உப்பவைத்து, கசிவைப் பார்க்காமல் வயிற்றை மூடக் கூடாது. அந்தச் சலைனுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

அடுத்தது மிச்ச நூல். பிடிஎஸ் விலை அதிகம் என்று, மிஞ்சிய பாதியைச் சாராயத்தில் போட்டுவைப்பதும், ஆட்டோகிளேவில் மீண்டும் வேகவைப்பதும் நடக்கிறது. நீர்ப்பகுப்பால் கரையும் நூலை நீராவியில் வேகவைத்தால் அது அங்கேயே கரையத் தொடங்கிவிடும். பார்வைக்கு முழுசாக இருக்கும், நாலாம் நாள் அறும். உறையைப் பிரித்தவுடன் காற்றின் ஈரமே அதன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். அப்படி எறிவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நீளமான நூலை விடக் குறைந்த நீளத்தில் வரும் உறை பல நேரங்களில் சிக்கனம். கள வாகனத்தில் நூல் வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இந்த நூல்களில் பலவற்றை 25 டிகிரி செல்சியசுக்கு மேல் வைக்கக் கூடாது என்று உறையிலேயே எழுதியிருக்கிறது, மே மாதத்தில் பூட்டிய ஜீப்புக்குள் அது நடக்காது.

## எந்த நிலையில் எது

கல் எடுக்கும் சாதாரண நாய்க்கு, பிஹெச் 7-க்குக் கீழே இருந்தால், 3-0 அல்லது 4-0 பாலிகிளெகாப்ரோன். பூனைக்கு 4-0, சிறியதாக இருந்தால் 5-0. உருண்டை முனை ஊசி; விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர். சளிப்படலத்துக்குக் கீழே உள்ள சப்மியூகோசாதான் பிடிமானம் தரும் அடுக்கு. அதைப் பிடித்த ஒரே அடுக்குத் தொடர்தையல் போதும். உள்மடித்து இரண்டாம் அடுக்கு போடுவது, சுவர் மெல்லியதாகவும் நீர்ப்பை பெரியதாகவும் இருந்தால் செய்யலாம். அழற்சியால் விரல் தடிமன் தடித்துப்போன சுவரை உள்மடிக்க முயன்றால் கொள்ளளவுதான் குறையும்.

கிடாக்களின் நிலை வேறு. தவிடும் அடர்தீவனமும் தின்று கல்லடைத்து வரும் ஆட்டுக் கிடாவின் சிறுநீர், தொற்றே இல்லாவிட்டாலும், தாவர உண்ணிக்கே உரிய காரத்தன்மை கொண்டது. பிஹெச் 8 என்பது அதற்கு இயல்பு. நீர்ப்பைக்குள் ஃபோலி கதீட்டரை (நுனியில் பலூன் உள்ள வடிகுழாயை) வைத்து வயிற்றுச் சுவர் வழியாக வெளியே எடுக்கும் அறுவையில், கதீட்டரைச் சுற்றிப் போடும் சுருக்குத் தையல் இரண்டு மூன்று வாரம் பிடித்தாக வேண்டும். அங்கே 2-0 அல்லது 3-0 பாலிடையாக்சனோனே பாதுகாப்பு. "கிடாயின் விலையே இவ்வளவுதான் சார்" என்று உரிமையாளர் சொல்லும்போது பின்னல் நூலுக்கு இறங்க மனம் வரும்; வேறெங்காவது, தோலுக்கோ தசைக்கோ மலிவான நூலைப் போட்டுச் சிக்கனம் பிடியுங்கள்.

மிகக் கடினமானது புரோட்டியஸ் தொற்றுள்ள நாய். அறைக்குள் நுழையும்போதே அம்மோனியா நெடி அடிக்கும். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் டிப்ஸ்டிக் தாள் நொடியில் நீலப்பச்சையாகும். இந்த நாய்க்கு எந்த நூல் என்று கேட்டால், வலிமை அதிகமுள்ள பாலிடையாக்சனோன் என்று சொல்வேன். அதுவும் அந்தச் சிறுநீரில் ஒரு வாரம் தாங்காது என்பதைத் தெரிந்துகொண்டே சொல்வேன். அடைப்பு இல்லையென்றால் அறுவையைச் சில நாள் தள்ளிப்போட்டு, ஊசியால் எடுத்த சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பி, அதற்கேற்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கி, பிஹெச் இறங்கிய பிறகு திறக்கலாம். அடைப்பு இருந்து உடனே திறக்க வேண்டியிருந்தால், வெதுவெதுப்பான சலைனால் நீர்ப்பையை நன்றாகக் கழுவி, நூலின் ஒரு சுற்றும் உள்ளறைக்குள் தெரியாதபடி தைத்து, கதீட்டரை மூன்று நாள் விட்டுவைத்து நீர்ப்பையை உப்பவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாள்களில் சிறுநீரின் பிஹெச்சைக் காலையும் மாலையும் குறித்து வையுங்கள். அது இறங்காமல் நின்றால் நாயை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.